பாய்லரை 75-இல் வைத்துவிட்டு பில்லைத் திட்டாதீர்கள்

லண்டனில் வீட்டு ஹீட்டிங் வேலை பார்க்கிறேன். குளிர் தொடங்கியதும் வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஈஸ்ட் ஹாமில் ஓர் அம்மா, "தம்பி, சுவர்க் குழாயால வெள்ளையாப் புகை போகுது, பொயிலர் பழுதோ?" என்று கேட்டார். பழுதில்லை அம்மா, அது நீராவிதான் என்றேன். நம்பவில்லை. நேரில் போனேன்.

விஷயம் இதுதான். கேஸ் எரியும்போது சூட்டோடு தண்ணீரும் ஆவியாக உண்டாகிறது. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ தண்ணீர். பழைய பாய்லர்கள் அந்த ஆவியைச் சூட்டோடு அப்படியே வெளியே துரத்திவிடும். கண்டென்சிங் பாய்லரில், ரேடியேட்டர்களைச் சுற்றி ஆறித் திரும்பும் தண்ணீர்தான் வெளியேறும் புகையைக் குளிர்விக்கிறது, ஆவி தண்ணீராகிறது, அதற்குள் இருந்த சூடு வீட்டுக்குள்ளேயே தங்குகிறது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாக மாட்டும் கேஸ் பாய்லர் பொதுவாக இந்த வகைதான்.

ஆனால் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீரின் சூட்டை மாட்டியவர் 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார், யாரும் தொடுவதில்லை. அந்த அம்மா வீட்டில் 78. காசு கொடுத்து கண்டென்சிங் பாய்லர் வாங்கி, பழைய பாய்லர் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 60-க்கு இறக்கினேன், அப்போதுதான் ரேடியேட்டர்களில் ஆறித் திரும்பும்போது 55-க்குக் கீழே வரும். அரை மணி கழித்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, "கை சுடேல்லையே" என்று குறைப்பட்டார். கை சுட வேண்டாம், அறை சூடானால் போதும். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கடுங்குளிரில் அறை சூடேறவில்லை என்றால் ஐந்து டிகிரி ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று, இது காம்பி பாய்லருக்கு, அதாவது டாங்க் இல்லாமல் நேரடியாகச் சுடுதண்ணீர் தரும் பாய்லருக்குச் சொல்வது. தனியாக சுடுதண்ணீர் டாங்க் இருந்தால் நீங்களாகக் குறைக்காதீர்கள், டாங்க் தண்ணீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

அப்புறம், கண்டென்சிங் பாய்லரில் ஆவி ஆறி உண்டாகும் தண்ணீர் வெளியே வடியும் பிளாஸ்டிக் குழாய். அந்தத் தண்ணீரில் லேசான அமிலம் உண்டு, அதனால்தான் செம்புக் குழாய் போடுவதில்லை. வெளிச்சுவரில் மெல்லிய குழாயாக ஓடினால் உறைபனியில் அடைத்துக்கொள்ளும், பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டு நின்றுவிடும். 2010 டிசம்பரில் இப்படி நின்ற பாய்லர்கள் ஏராளம். கொதிக்கிற கெட்டிலைக் கவிழ்க்காதீர்கள், குழாய் வெடித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பாய்லரை ரீசெட் செய்யுங்கள். பனி விலகியதும் அந்தக் குழாயை 32 மில்லிமீட்டருக்கு மாற்றி, மேலே உறை போடச் சொல்லுங்கள்.