வாசலில் வைத்துவிட்டுப் போகும் பொட்டலம்

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் ஊழியர் அழைப்புமணியை அழுத்துவார். கதவு திறக்காவிட்டால் பொட்டலத்தைக் காலணி அலமாரியின்மேல் வைத்துவிட்டு மின்தூக்கிக்கு விரைவார். அடுத்த புளோக்கில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், டிசிபி (இணையத்தில் தரவை வரிசை பிறழாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) பொட்டலங்களைக் கையாளும் விதத்தைப் படித்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஒவ்வொரு இணைப்புக்கும் கெர்னலில் சாக்கெட் என்றொரு பதிவேடு உண்டு. எந்தப் பைட்டுவரை வந்திருக்கிறது, அடுத்து எது வரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் இரு தரப்பு கைவைக்கிறது. ஒன்று, தரவைப் படிக்கக் கேட்கும் செயலிக்காக (உலாவி போன்ற மென்பொருளுக்காக) ஓடும் கெர்னல் பகுதி. மற்றது, பிணைய அட்டையிலிருந்து பொட்டலங்களை எடுத்துவரும் மென்குறுக்கீடு, அதாவது நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் கெர்னல் பகுதி. இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்கு குழம்பிவிடும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு தரப்பை மட்டும் உள்ளே விடும் பூட்டு வேண்டும்.

ஆனால் மென்குறுக்கீட்டால் உறங்கிக் காத்திருக்க முடியாது. நேரமும் கிடையாது: 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொட்டலங்கள் இடைவிடாமல் வந்தால் ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 67 நானோநொடி.

இங்கேதான் அந்த அழகான ஏற்பாடு. செயலியின் தரப்பு சுழல்பூட்டை (கிடைக்கும்வரை உறங்காமல் திரும்பத் திரும்ப முயலவேண்டிய பூட்டு) ஒரு கணம் மட்டும் பிடித்து, 'சாக்கெட் என் கையில்' என்று குறித்துவிட்டு, பூட்டை உடனே விட்டுவிடுகிறது. பிறகு நிதானமாக வேலை செய்கிறது. இடையில் வரும் மென்குறுக்கீடு அதே பூட்டைப் பிடித்துக் குறிப்பைப் பார்க்கிறது. குறிப்பு இருந்தால் பொட்டலத்தை நிலுவை வரிசையில் வைத்துவிட்டு நகர்கிறது. செயலியின் தரப்பு சாக்கெட்டை விடுவதற்குமுன் நிலுவையில் உள்ளவற்றை வந்த வரிசைப்படி தானே முடித்துவைக்க வேண்டும். அதன்பிறகே குறிப்பை அழிக்கலாம். காத்திருப்பு ஒருவர் தலையிலும் விழாமல், வேலை மட்டும் கைமாறுகிறது. பூட்டுகளைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிட எனக்குப் பிடித்தது வேறில்லை.

ஓர் ஆபத்து உண்டு. செயலியின் தரப்பு சுழல்பூட்டைப் பிடித்திருக்கும் அந்த ஒரு கணத்தில், அதே கோரில் (கணினிச் சில்லின் ஒரு கணக்கீட்டுக் கருவில்) மென்குறுக்கீடு புகுந்தால் என்ன ஆகும்? அது பூட்டுக்காகச் சுழன்றுகொண்டே இருக்கும். பூட்டை விடவேண்டிய தரப்போ, அது முடியும்வரை அசைய முடியாது. அந்தக் கோர் அப்படியே உறைந்துபோகும். இதனால்தான் பூட்டைத் தொடுவதற்குமுன் அந்தக் கோரில் மென்குறுக்கீடுகளை நிறுத்திவைக்கிறார்கள்.

நிலுவை வரிசைக்கும் வரம்பு உண்டு. அது நிரம்பிவிட்டால் புதிய பொட்டலம் கைவிடப்படுகிறது. அனுப்பிய கணினிக்கு, 'கிடைத்தது' என்ற ஒப்புகை போய்ச் சேராததால், டிசிபி அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்புகிறது.