எச்பிவி தடுப்பூசி: 14 நடக்குதா, 14 முடிஞ்சதா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸைத் தடுக்கும் ஊசியை 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட, 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. பின்னணி இவ்வளவு போதும். தனியாரில் போனால், நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக்கே ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய்.

முதல் சிக்கல் வயது. நம்ம பக்கம் "புள்ளைக்கு 14 நடக்குதுங்க" என்றால் 13 முடிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) பார்ப்பது 14 முடிந்து, 15-வது பிறந்தநாள் வராத பிள்ளையை. முந்திப் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு நடைதான் வீண். பிந்திப் போனால் இலவசம் போச்சு. தனியாரிலும் 15 ஆகிவிட்டால் 2 டோஸ் அல்ல, 3 டோஸ்.

இதைவிட மோசம் தேதிக் குழப்பம். ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க நாலு மாதம் தள்ளி எழுதிய பிறந்த தேதி பள்ளியில் இருக்கும், ஆதாரில் வேறு, பிறப்புச் சான்றில் வேறு. "சரி பண்ணிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். திருத்தம் கைக்கு வருவதற்குள் அந்த ஒரு வருடம் ஓடிவிடும். பிள்ளைக்கு 13 ஆனதுமே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வருமானச் சான்றுக்காக வி.ஏ.ஓ. அலுவலகம் போய் நிற்காதீர்கள். இதற்கு வருமான வரம்பு இல்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம். அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. பதிவுக்குக் கொடுக்கும் செல்போன் எண் மட்டும் உங்கள் கையில் இருப்பதாக இருக்கட்டும். பழைய சிம் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபி வராமல் நிற்பது வாடிக்கை.

பட்டியல் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை வைத்துத்தான் தயாராகும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பள்ளியை விட்ட பிள்ளையோ, வடக்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளையோ அந்தப் பட்டியலில் தானாக வந்துவிடாது. ஊர் நர்ஸம்மாவிடம் நேரில் பெயர் சொல்லி எழுத வையுங்கள். "ஸ்கூல்ல கேளுங்க", "பி.எச்.சி.-ல கேளுங்க" என்று இரண்டு பக்கமும் கை காட்டினால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள்.

சம்மதக் கடிதத்தில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் கையெழுத்துப் போட வேண்டும். விடுதி வார்டன் போட்டால் செல்லாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். 2009-10-ல் அப்போதைய ஆந்திரத்தின் (இப்போது தெலங்கானா) கம்மம் மாவட்டத்தில் நடந்த எச்பிவி ஊசித் திட்டத்தில் விடுதிப் பிள்ளைகளுக்கு வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். சில பிள்ளைகள் இறந்ததும் திட்டம் நின்றது. இறப்புக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணையில் தெரிந்த பிறகும் சந்தேகம் மட்டும் போகவில்லை. பெற்றவர்களைக் கேட்காததற்குக் கிடைத்த கூலி அது.

"குழந்தை நிக்காதாம்" என்ற பேச்சு விசேஷ வீடுகளில் இன்னும் சுற்றுகிறது. ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பில்லை. "கல்யாணம் ஆகாத புள்ளைக்கு எதுக்கு" என்கிறவர்களுக்குப் பதில்: வைரஸ் உடம்பில் ஏறும் முன் போட்டால்தான் முழுப் பலன். இந்தப் பயம் படிப்பறிவைப் பொறுத்ததும் இல்லை. ஜப்பானில் 2013-ல் பக்கவிளைவுப் பீதியில் அரசு பரிந்துரையை நிறுத்தியது. சுமார் 70 சதவீதப் பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தது 1 சதவீதத்துக்கும் கீழே போனது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆயிற்று.

வழக்கமான குழந்தை ஊசி புதன்கிழமை. எச்பிவிக்கும் அதே நாள்தானா, இருப்பு இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் போனால் சம்பளம் போச்சு. ஊசி தோள்பட்டைக்குக் கீழே கையில் போடுவது, அதனால் கை இறுக்கமான சுடிதார் வேண்டாம். வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். இந்த வயதில் ஊசி பயத்திலேயே மயக்கம் வரும், உட்கார வைத்துப் போட்டு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். "மாதவிலக்கு, அடுத்த வாரம் வாங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது தடையே இல்லை. காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாம்.

அரசு போடுவது ஒரே டோஸ். 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-லேயே சொல்லிவிட்டது. "பாக்கி டோஸ் இங்க போட்டுக்கலாம்" என்று எந்த கிளினிக் அழைத்தாலும் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். ஊசியின் பெயர், பேட்ச் எண், தேதி மூன்றையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

கூட வரும் அம்மாவுக்கு 30 தாண்டியிருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை எப்போது என்று அங்கேயே கேளுங்கள், அதுவும் இலவசம். ஊசி போட்ட பிள்ளையும் 30-க்கு மேல் அதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும்; புற்றுக்குக் காரணமான எல்லா வகை வைரஸையும் இந்த ஊசி தடுப்பதில்லை.