வீகன் உணவு: விடுவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

வீகன் உணவுமுறைக்கு மாற விரும்பி உணவியல் ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எவற்றையெல்லாம் விட வேண்டும் என்பதைத்தான். இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், தேன் என்று அவர்களே எழுதிக்கொண்டும் வந்துவிடுவார்கள். விடப்படும் ஒவ்வொன்றும் இதுவரை உடலுக்கு எதைக் கொடுத்து வந்தது, இனி அதை எந்த உணவு கொடுக்கப் போகிறது என்ற கணக்கைப் போடுவதிலேயே என் ஆலோசனை நேரத்தில் பெரும்பகுதி கழிகிறது.

படிப்படியாக மாறுங்கள் என்று நான் சொன்னால், மன உறுதி குறைந்தவர்களுக்குத் தரும் சலுகையாகச் சிலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவகாசம் கேட்பது குடல்தான். பருப்பும் பயறும் முழுத்தானியங்களும் ஒரே வாரத்தில் இரு மடங்கானால், செரிக்காமல் பெருங்குடலை அடையும் நார்ச்சத்தையும் சிலவகை மாவுச்சத்துகளையும் அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால், வாயுவும் உப்புசமும் ஏற்படுகின்றன. தாவர உணவு தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பத்தே நாளில் திரும்பியவர்கள் பலருக்கு நேர்ந்தது இதுதான். நாளுக்கு ஒரு வேளை என்று தொடங்கி, பயறுகளை ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்து, போதுமான தண்ணீரும் குடித்து வந்தால், சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் பழகிவிடுகிறது.

பாலைக் கடைசியில் விடும்படி நான் சொல்வதற்குக் காரணம் கால்சியம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் தேவை. 240 மில்லிலிட்டர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் கிடைத்துவிடுகிறது. அதற்கு ஈடாகப் பசலைக்கீரையை நம்புவது சரியாகாது. அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் மிகக் குறைந்த அளவே உடலில் சேர்கிறது. சோயாப் பாலைக் கால்சியம் சேர்த்துக் கெட்டியாக்கிச் செய்யும் டோஃபு, எள், கால்சியம் செறிவூட்டிய சோயாப் பால் ஆகியவை ஓரளவு கைகொடுக்கும். பாதாம் பாலைப் பாலுக்கு நிகராகக் கருதுவோர், அதன் ஒரு கோப்பையில் பெரும்பாலும் 1 கிராம் அளவே புரதம் இருப்பதையும், சோயாப் பாலில் அது ஏறத்தாழ 7 கிராம் என்பதையும் உறையைத் திருப்பிப் பார்த்தாலே அறியலாம்.

மற்ற எல்லாவற்றிலும் நிதானம் காட்டும் நான் வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் அவசரப்படுத்துவேன். இதை உண்டாக்குபவை சில நுண்ணுயிர்களே. வழக்கமான தாவர உணவுகள் எதையும் இதற்கு நம்ப முடியாது. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்தான். கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள்வரைகூடத் தாக்குப்பிடிக்கும் என்பதால், தொடக்கத்தில் குறை எதுவும் தெரிவதில்லை. மூன்றாண்டுகளாக வீகன் உணவில் இருந்த ஒருவர், பாதங்கள் மரத்துப்போவதை நீரிழிவின் விளைவு என்றே எண்ணிக்கொண்டிருந்தார். பரிசோதித்தபோது பி12 மிகவும் குறைந்திருந்தது. நீரிழிவுக்காக அவர் எடுத்துவந்த மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியது. கீரையிலும் பயறிலும் நிறைந்துள்ள ஃபோலேட் என்ற மற்றொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை வெளிக்காட்டாமல் மறைத்துவிடலாம். நரம்புப் பாதிப்போ அதற்குள் தொடர்ந்துகொண்டிருக்கும். ஆகவே விலங்கு உணவைக் குறைக்கத் தொடங்கும்போதே பி12 மாத்திரையோ செறிவூட்டிய உணவோ தவறாமல் இடம்பெற வேண்டும்.

இரும்புச்சத்துக்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. பயறு உணவோடு எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி மிக்கவற்றைச் சேர்த்து, உணவோடு தேநீர், காபி குடிக்கும் வழக்கத்தைத் தள்ளிவைத்தால் உறிஞ்சப்படும் அளவு கூடும். மாதவிடாய் மிகுதியாக உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மட்டும் இதைத் தாமாகத் தீர்மானித்துக்கொள்ளக் கூடாது.

இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றினால் ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். தைராய்டு குறைபாட்டுக்குத் தைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள், அந்த மாத்திரைக்கும் சோயா உணவு, கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் இடையே போதிய இடைவெளி விட வேண்டும். பி12, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி அளவுகளை மாற்றத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பி12 மாத்திரை தொடங்கிய பிறகு பரிசோதித்தால் ரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தே காட்டும் என்பதால், அதற்கு முன் உடலில் குறைபாடு இருந்ததா என்பதைக் கண்டறிவது எங்களுக்குக் கடினமாகிவிடுகிறது.