லிஸ்ட் கமாண்ட் காட்டாததையும் எழுதுங்கள்

ஏஐ ஏஜென்டுகளுக்கான (நமக்காக வேலைகளைச் செய்து முடிக்கும் ஏஐ) பிளகின், ஸ்கில் (ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஏஜென்டுக்குச் சொல்லும் குறிப்பு), எம்சிபி சர்வர் (ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நிரல்) என எதை எடுத்தாலும், என்னென்ன போட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு லிஸ்ட் கமாண்ட் இருக்கும். அதற்கான ஆவணப் பக்கத்தைத் திறந்தால் "நிறுவப்பட்ட தொகுப்புகளைப் பட்டியலிடும்" என்று ஒரே வரி. இன்ஸ்டால் செய்வதற்கு மட்டும் ஸ்கிரீன்ஷாட்டோடு பக்கம் பக்கமாக இருக்கும். மென்பொருளுக்கு ஆவணம் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சமீபத்தில் வந்த ஒரு கேஸுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு நிறுவனத்தில் ஆடிட் படிவம் நிரப்பும் வேலை ஒரு ஜூனியர் தம்பி தலையில் விழுந்தது. ஏஜென்டில் என்னென்ன கூடுதல் தொகுப்புகள் பயன்படுத்துகிறீர்கள் என்று கேள்வி. அவர் டெர்மினலைத் திறந்து, ஹோம் ஃபோல்டரில் இருந்தபடியே லிஸ்ட் கமாண்டை ஓட்டினார், மூன்று பெயர் வந்தது, மூன்றையும் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டார். புராஜெக்ட் ரெப்போவுக்குள் (கோட் இருக்கும் ஃபோல்டர்) இருந்த கன்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் இன்னும் இரண்டு சர்வர்கள் இருந்தன, அதில் ஒன்று டேட்டாபேஸையே திறந்து படிப்பது. தம்பியைத் திட்டி என்ன பயன்? எந்த ஃபோல்டரில் இருந்து ஓட்டுகிறோமோ அதற்கேற்பப் பட்டியல் மாறும் என்று அந்த ஆவணத்தில் ஒரு இடத்திலும் சொல்லவில்லையே.

ஆந்த்ரோபிக்கின் கோடிங் ஏஜென்டான கிளாட் கோடையே எடுத்துக்கொள்வோம். அதில் எம்சிபி சர்வரை லோக்கல், புராஜெக்ட், யூசர் என்று மூன்று மட்டங்களில் சேர்க்கலாம். புராஜெக்ட் மட்டத்தில் சேர்த்தால் டாட் எம்சிபி டாட் ஜேசான் என்ற ஃபைலில் உட்கார்ந்து, கோடைப் பகிர உதவும் கிட் வழியாக டீம் முழுக்கப் போய்ச் சேரும். ஸ்கில் வேறு கதை. ஸ்கில் டாட் எம்டி ஃபைல் உள்ள ஒரு ஃபோல்டரை உரிய இடத்தில் காப்பி செய்து போட்டாலே அது வேலை செய்யத் தொடங்கிவிடும், இன்ஸ்டால் என்று ஒன்று நடப்பதே இல்லை. எம்சிபி பட்டியலில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பைத்தான்காரர்களுக்கு இந்தத் தலைவலி பழசு. வெர்சுவல் என்விரான்மென்டை (புராஜெக்டுக்கென்று தனியாகப் பேக்கேஜ் வைக்கும் இடம்) ஆக்டிவேட் செய்யாமல், பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பிப் லிஸ்ட் ஓட்டிவிட்டு, பேக்கேஜைக் காணோம் என்று தேடாதவர் யார்?

சரி, என்னை அதிகம் கடுப்பேற்றும் விஷயத்துக்கு வருகிறேன். பச்சை டிக். பட்டியலில் சர்வர் பெயர், பக்கத்தில் அதைக் கிளப்பும் கமாண்ட், கடைசியில் ஒரு டிக்கோடு 'கனெக்டட்' என்று வரும். அதைப் பார்த்ததும் "எல்லாம் ஓகே சார், பச்சைதான் காட்டுகிறது" என்கிறார்கள். அந்த டிக்குக்கு ஒரே அர்த்தம்தான்: கூப்பிட்டோம், பதில் வந்தது. பதில் சொன்னவன் யோக்கியனா என்பதை அது சோதிக்கவில்லை, சோதிக்கவும் முடியாது. திருட வந்தவனும் கூப்பிட்டால் பதில் சொல்வான், ஒருவேளை மற்றவர்களைவிட வேகமாகவே சொல்வான்.

உதாரணம் வேண்டுமா? 2025 செப்டம்பரில் போஸ்ட்மார்க்-எம்சிபி என்ற என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக் களஞ்சியம்) தொகுப்பின் வண்டவாளம் வெளியே வந்தது. 15 பதிப்புகள் ஒழுங்காக இருந்தன. 1.0.16-இல் ஒரே ஒரு வரி புதிதாக நுழைந்தது, ஏஜென்ட் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பிசிசியில் (பெறுபவருக்குத் தெரியாத ரகசிய நகல்) இன்னொரு முகவரி. மின்னஞ்சல் சேவை நடத்தும் போஸ்ட்மார்க் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1.0.15-க்கும் 1.0.16-க்கும் பட்டியலில் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? கமாண்டில் பதிப்பு எண் போட்டிருந்தால் அந்த எண்ணைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. அதே பெயர், அதே பச்சை. கன்ஃபிக்கில் 'லேட்டஸ்ட்' என்று போட்டு என்பிஎக்ஸ் (தொகுப்பை இறக்கி உடனே ஓட்டும் கருவி) வழியாக ஓட்டுபவர்களுக்கு எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதுகூடப் பட்டியலில் தெரியாது. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதை வைத்து ஆள் இப்போது வீட்டில் இருக்கிறாரா என்று சொல்ல முடியுமா? அந்த மாதிரிதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. லிஸ்ட் என்றால் சும்மா படித்துக் காட்டும் கமாண்ட், அதனால் ஆபத்தில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அந்த 'கனெக்டட்' எங்கிருந்து வருகிறது? லோக்கலாக ஓடும் சர்வரை நிஜமாகவே கிளப்பிப் பார்த்தால்தானே தெரியும். கிளாட் கோடின் உதவிக் குறிப்பிலேயே, இந்த கமாண்ட் சர்வர்களைக் கிளப்பிச் சோதிக்கும், நம்பகமான ஃபோல்டரில் மட்டும் ஓட்டுங்கள் என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். யாரோ கொடுத்த ரெப்போவை குளோன் செய்து, உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று லிஸ்ட் அடிப்பதற்கு முன்னால், கன்ஃபிக் ஃபைலை எடிட்டரில் திறந்து கண்ணால் படியுங்கள்.

ஆவணம் எழுதும் மக்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கமாண்ட் எந்தெந்த ஃபைல்களைப் படிக்கிறது, எதைப் படிப்பதில்லை, ஒரே பெயர் இரண்டு மட்டங்களில் இருந்தால் எது ஜெயிக்கும், முடக்கி வைத்தவை பட்டியலில் வருமா, இவ்வளவையும் எழுதுங்கள். ஓட்டினால் ஏதாவது பிராசஸ் கிளம்புமா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள், அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காதீர்கள். காலிப் பட்டியல் வந்தால் என்ன அர்த்தம்? ஒன்றும் இல்லையா, ஃபைலைப் படிக்க முடியவில்லையா? இரண்டுக்கும் ஒரே அவுட்புட் என்றால் ஆவணம் எழுதுவதை நிறுத்திவிட்டு டெவலப்பரிடம் போய்ச் சண்டை போடுங்கள், அது ஆவணத்தின் குறையல்ல, பக். அவுட்புட் உதாரணத்தில் மூன்று பச்சை மட்டும் காட்டாமல், இணைப்பு தோல்வியான ஒன்றையும் சேர்த்துக் காட்டுங்கள், மக்கள் அதைப் பார்க்கும்போதுதான் உங்கள் பக்கத்தைத் தேடி வருவார்கள்.

பயன்படுத்துபவர்களுக்கு: பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் போடுங்கள், 'லேட்டஸ்ட்' வேண்டாம். ஆடிட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு ரெப்போவுக்குள்ளும் போய்த் தனித்தனியாக எடுங்கள், ஸ்கில் ஃபோல்டர்களையும் சேர்த்து. அப்புறம், ஒரு தொகுப்பை நீக்கியதும் பட்டியலில் இருந்து பெயர் போய்விட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதற்காகக் கொடுத்த ஜிட்ஹப் (கோட் சேமிக்கும் தளம்) டோக்கன், அதாவது நுழைவுச் சாவி, அங்கே உயிரோடுதான் இருக்கும். ஜிட்ஹப் செட்டிங்ஸுக்குப் போய் நீங்களே ரத்து செய்ய வேண்டும், அதை எந்த லிஸ்டும் உங்களுக்கு நினைவுபடுத்தாது.