மைனஸ் ஐம்பதிலும் காடு எப்படி நிற்கிறது?

குன்னூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு ராத்திரி உறைபனி விழுந்தாலே எங்கள் தேயிலை கருகிப்போகிறது. சைபீரியாவில் மட்டும் காடே நிற்கிறதே, எப்படி?"

நிலநடுக்கோட்டை ஒட்டி மழைக்காடு, அதற்கு வடக்கே இலையுதிர் காடு, வடகோடியில் டைகா எனும் ஊசியிலைக் காடு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். உலகக் காடுகளில் ஏறக்குறைய 27 சதவீதம் அந்த வடகோடிப் பட்டையில்தான் இருக்கிறது. அங்கே ரஷ்யாவின் வெர்கோயான்ஸ்கில் 1892-இல் மைனஸ் 67.8 டிகிரி பதிவானது. அந்தப் பகுதியிலும் லார்ச் மரங்கள் வளர்கின்றன.

உறைபனியில் மரம் பிழைப்பதும் சாவதும் பனிக்கட்டி எங்கே உருவாகிறது என்பதைப் பொறுத்தது. செல்லுக்குள் பனிப்படிகம் முளைத்தால் சவ்வு கிழியும், அந்தச் செல் அவ்வளவுதான். வடக்கத்தி மரங்கள் பனியைச் செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் உறைய விடுகின்றன. அங்கிருக்கும் நீரில் கரைபொருள் குறைவு, அதனால் அதுதான் முதலில் உறையும். உறைந்த பனி, செல்லுக்குள் இருக்கும் நீரையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். செல் சுருங்கச் சுருங்க உள்ளே சர்க்கரை அடர்ந்துகொண்டே போகும்; உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் கடலை மிட்டாய்ப் பாகு இறுகுவதுபோல, படிகமே இல்லாமல் கண்ணாடியாக இறுகிவிடும். படிகம் இல்லை என்றால் கிழிசலும் இல்லை!

இத்தனை நீரை இழந்தும் சவ்வு தாங்க வேண்டுமே? அதற்கான வேலை இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பகல் குறுகுவதை மரம் உணர்ந்ததும் வளர்ச்சியை நிறுத்துகிறது, சர்க்கரை சேர்க்கிறது, சவ்வின் கொழுப்பை மாற்றுகிறது, சவ்வைக் காக்கும் புரதங்களைத் தயாரிக்கிறது. அப்புறம் வரும் லேசான உறைபனிகள் அதை இன்னும் கெட்டிப்படுத்தும். அதே மரத்துக்கு ஜூலையில் மைனஸ் பத்தைக் காட்டினால் ஊசியிலைகள் கருகிவிடும். தேயிலைக்கு இந்த அளவு தயாரிப்பு கிடையாது. குன்னூரில் பனி விழுந்த இரவில் சவ்வுகள் சிதைந்து, வெயில் ஏறியதும் இலை பழுப்பாகிறது.

1960-இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சாகாய், குளிருக்குப் பழகிய மரங்களின் சுள்ளிகளை மெல்ல உறையவைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் போட்டார். அவை உயிர் பிழைத்தன. "சுள்ளியை உறையவைத்து என்ன ஆகப்போகிறது" என்று யாராவது நிதியை நிறுத்தியிருந்தால்? அவரே பின்னாளில் உருவாக்கிய கண்ணாடியாக்கும் முறையில்தான், விதையாகச் சேமிக்க முடியாத பல பயிர்களின் குருத்துகளை மரபு வங்கிகள் இன்று திரவ நைட்ரஜனில் காக்கின்றன. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே அடிப்படை ஆய்வுகளின் கழுத்தை நெரிக்கும் வழக்கத்தை நம் நிதிக்குழுக்கள் விட வேண்டும்.