கேக் மேல் பொம்மை: குச்சி உள்ளே தங்கிவிடக் கூடாது

குன்னூரில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். குழந்தைகளின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்ல வருகிறவர்கள் பலர் கையோடு ஒரு பொம்மையையும் கொண்டு வருவார்கள். "அக்கா, இந்த யானையை மேலே நிக்க வச்சிடுங்க, ஆடாம இருக்கணும்." ஆடாமல் இருக்க நான் முன்பெல்லாம் பொம்மையின் காலோடு பல்குத்தும் குச்சிகளைச் சேர்த்துக் கட்டி, கேக்குக்குள் இறக்கிவிடுவேன்.

கோத்தகிரியில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன். யானைக்கு நான்கு கால், நான்கு குச்சி. கேக் வெட்டும்போது யானையைத் தூக்கினார்கள், மூன்றுதான் வந்தது. நான்காவது, பாட்டி வாயில் போட்ட துண்டில் இருந்தது. நல்லவேளை, கடிக்குமுன் நாக்கில் தட்டிவிட்டது. அவர் எடுத்துக் காட்டியபோது பார்த்தேன்: சாக்லேட்டில் ஊறி, கேக்கின் நிறத்துக்கே மாறியிருந்தது. கூர்முனை மட்டும் அப்படியே. அதே துண்டு குழந்தையின் தட்டுக்குப் போயிருக்கலாம். அன்றோடு பல்குத்தும் குச்சியை நிறுத்திவிட்டேன்.

இப்போது பொம்மைக்கு அடியில் சாக்லேட்டில் ஒரு தட்டு வைக்கிறேன். உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட்டை (உருக்கி ஊற்றினால் தானே இறுகும் பேக்கிங் சாக்லேட்) பட்டர் பேப்பரில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக ஊற்றி, இறுகியதும் பொம்மையின் காலை அதே சாக்லேட்டால் ஒட்டிவிடுவேன். நம் ஊர்க் குளிருக்குப் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ்கூடத் தேவையில்லை. ஃபாண்டன்ட் எனும் சர்க்கரைப் பிசையலிலும் தட்டு செய்யலாம்தான். ஆனால் ஐப்பசி மழையில், மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் நாட்களில் அது காயவே காயாது. வியர்த்துப்போய், பொம்மையோடு சேர்ந்து சரியும்.

கனமான பொம்மை என்றால் தட்டுக்கு அடியில் தாங்கு வேண்டும். பிளாஸ்டிக் ஸ்ட்ரா 2019 முதல் தமிழ்நாட்டில் தடை, பேப்பர் ஸ்ட்ரா ஊறிப்போகும். பென்சில் கனத்தில், கேக்குக்கென்றே விற்கும் மரக்குச்சிகளை அடியில் உள்ள போர்டு வரை இறக்குகிறேன். அவ்வளவு கனம் இருந்தால் கத்தியில் தட்டும், யார் கண்ணுக்கும் தப்பாது.

பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சாயம் வந்தால் அதைக் கேக்கில் வைக்க வேண்டாம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதையும் பாருங்கள். ஆனால் முத்திரை இருந்தாலும் அது விளையாடத்தான், சாப்பாட்டோடு ஒட்டிக் கிடப்பதற்கு அல்ல. அதனால்தான் நடுவில் அந்தத் தட்டு. கார் பொம்மை என்றால் சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். கையோடு வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை எதையும் வாயில்தான் போடும்.

விளக்கு எரிகிற பொம்மையை நான் வாங்குவதே இல்லை. உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி, சட்டைப் பொத்தான் போன்ற சின்ன வட்டப் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல், காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மலைப்பாதையில் போய்ச் சேரவே நேரமாகும் நமக்கு, ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அப்புறம், பயணம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் பொம்மை கேக்கைக் கிழித்துக்கொண்டு சாயும். அதனால் தட்டோடு பொம்மையைத் தனி டப்பாவில் கொடுத்துவிடுகிறேன், அங்கே போய் வைத்துக்கொள்ளட்டும். டப்பா மூடியில் மார்க்கரால் எழுதி ஒட்டுவேன்: "யானை 1, கேக்குக்குள் மரக்குச்சி 3. வெட்டும் முன் யானையை எடுக்கவும். பரிமாறும் முன் மூன்று குச்சியையும் எண்ணவும்."