செல்ஃப் எஃபிகசி: தமிழில் என்ன சொல்லலாம்?

பிள்ளை பெற்று மூன்றாம் நாள். பால் குடித்த குழந்தை மறுபடியும் அழுகிறது. பார்க்க வந்த அத்தை, "பால் பத்தலையோ?" என்கிறார். அதுவரை இல்லாத சந்தேகம் தாய்க்கு அப்போதுதான் வருகிறது. அந்தக் கேள்வி அசைத்துப் பார்ப்பதைத்தான் ஆய்வாளர்கள் 'செல்ஃப் எஃபிகசி' என்கிறார்கள்.

இதை உளவியலில் நிலைநிறுத்தியவர் ஆல்பர்ட் பண்டூரா, 1977இல். ஒரு குறிப்பிட்ட காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் நம்புவதே இது. கனடாவின் ஆய்வாளர் சிண்டி-லீ டென்னிஸ் இதைத் தாய்ப்பாலூட்டலுக்குக் கொண்டுவந்தார். இந்த நம்பிக்கையை அளக்க 1999இல் வெளியான அவரது வினாத்தாளில் 33 கூற்றுகள். 2003இல் அவை 14 ஆகச் சுருங்கின. ஒவ்வொன்றுக்கும் தாய் தனக்குத் தானே தருவது 1 முதல் 5 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 14 முதல் 70 வரை. குழந்தைக்குப் போதுமான பால் கிடைக்கிறதா என்று கண்டுகொள்ள முடியுமா, வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது கூச்சமின்றிக் கொடுக்க முடியுமா என்ற போக்கில் கூற்றுகள் போகும். மதிப்பெண் குறைந்தால் பால் குறைவு என்று பொருளல்ல. பாதியில் நிறுத்திவிடக்கூடிய தாயை முன்கூட்டியே அடையாளம் கண்டு கைகொடுக்கத்தான் இந்தக் கணக்கு.

சரி, தமிழில்? 'சுய செயல்திறன்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. செயல்திறன் என்றால் எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பது. இங்கே அளப்பது நம்பிக்கையை. 'தன்னம்பிக்கை'யோ ரொம்பப் பொது. மேடையில் வெளுத்து வாங்கும் வக்கீலம்மா, பச்சிளங்குழந்தையை மார்பில் சேர்த்துப் பிடிக்கத் தடுமாறலாம். அதனால் 'தன்திறன் நம்பிக்கை' என்பேன்.

'நம்பு' என்பதற்கு விருப்பம் என்பதே பழைய பொருள். "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது தொல்காப்பியம்; நசை என்றால் விருப்பம். எஃபிகசியின் லத்தீன் வேருக்கோ 'செய்து முடித்தல்' என்று பொருள். நம் 'முடியும்' என்ற சொல்லிலும் அதே முடிவு ஒளிந்திருக்கிறது: நிறைவேறுவதும் முடிவது, இயலுவதும் முடிவது.

எனவே தன்திறன் நம்பிக்கை கட்டுரைக்கு இருக்கட்டும். தாயின் கையில் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு வரியும் 'என்னால் முடியும்' என்றே முடியலாம். இலங்கையில் கேட்பதானால் 'ஏலும்' என்பது இன்னும் நெருக்கம்.